ரயில் மேலே ஓடுகிறது. வியாபாரம் எங்கே இறங்குகிறது?



கொல்லிமலையில் மிளகும் காபிக் கொட்டையும் வாங்கி விற்கிற ஒருவன், சென்னையில் தூண்மேல் ஓடுகிற ரயிலைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நம் மலையில் தண்டவாளமே கிடையாது. ஆனால் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் ஒவ்வொரு உப்பு மூட்டைக்கும், ஒவ்வொரு எண்ணெய் டின்னுக்கும் ஏற்றக் கூலி கட்டிக் கடை நடத்துகிறவர்கள் நாம். உயரத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது அந்த விலை சமவெளிக் கடைகளுக்கும் வந்திருக்கிறது. ஊருக்கு ஊர் மாடி வைத்த வணிக வளாகங்களும் பஸ் நிலையங்களும் எழும்புகின்றன. நம் பக்கத்துச் சேலத்திலேயே பழைய பஸ் நிலையம் ஈரடுக்கு நிலையமாகக் கட்டப்பட்டு 2023-ல் திறக்கப்பட்டது. இதுபோன்ற இடங்களில் மாடிக் கடைகள் ஏலத்துக்கு வருகின்றன. நம் பிள்ளைகள் போய்க் கேட்கிறார்கள், முன்பணம் கட்டுகிறார்கள். கட்டுவதற்கு முன்னால் மாடியில் வியாபாரம் எப்படி நடக்கிறது, எப்படி நடக்காமல் போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு நல்ல பாடம், தூண்மேல் நிற்கும் நகர ரயில் நிலையம்தான். தினமும் ஆயிரக்கணக்கான பேர் ஏறி இறங்கும் அந்தக் கட்டிடத்திலேயே ஒரு கடையில் கூட்டம் தாங்கவில்லை. இன்னொரு கடைக்கு ஆள் கிடைக்காமல் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது.

பறக்கும் ரயில் நிலையங்கள்

சென்னைக் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் ரயில் ஓடத் தொடங்கியது 1995 நவம்பரில். 1997-ல் திருமயிலை வரைக்கும், 2004-ல் திருவான்மியூர் வரைக்கும், 2007-ல் வேளச்சேரி வரைக்கும் நீண்டது. கோட்டையைத் தாண்டிய பிறகு தடம் மேலே ஏறிவிடும். பெரும்பகுதித் தூரம் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியும், சில இடங்களில் கால்வாய்க்கு மேலேயுமே போகிறது. திருமயிலை நிலையம் கால்வாய்மேல் நிற்கிற கட்டிடம்தான். வீடும் கடையும் நெருங்கிய நகரத்தில் நிலம் எடுப்பது சிரமம். கால்வாய் சர்க்கார் இடம். ஆகவே அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நிலையங்களைச் சிறிதாகக் கட்டவில்லை. மாடி மாடியாக, அகல அகலமாகக் கட்டினார்கள். ரயில் டிக்கெட் வருமானம் போதாது, கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இடம் விட்டால் வாடகை வரும் என்பது யோசனை. யோசனையில் தவறில்லை. ஆனால் பல நிலையங்களில் அந்த இடங்கள் வருஷக்கணக்கில் ஆளில்லாமல் வெறிச்சோடிக் கிடந்தன. வெளிச்சம் குறைவு, நகரும் படிக்கட்டு பல இடங்களில் இல்லை அல்லது ஓடுவதில்லை, பஸ் நிறுத்தம் தள்ளியிருக்கிறது என்று பயணிகள் குறை சொன்னார்கள். இவை எல்லாம் உண்மையான காரணங்களே. வியாபாரி கண்ணால் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரியும். கால்வாயோரம் என்பது கடைவீதி அல்ல. ஜனங்கள் பழகி நடக்கிற பாதை ஒரு பக்கம். கட்டிடத்தின் பெரிய பெரிய கூடங்கள் மறுபக்கம். ரயிலேற வந்தவர் படியேறி, சீட்டு வாங்கி, நடைமேடைக்குப் போய்விட்டார். பக்கத்துக் கூடத்துக்குள் நுழைய அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

இடம் இருக்கிறது, ஜனமும் இருக்கிறது. ஆனால் ஜனத்தின் கால் அந்த இடத்தின் வழியாகப் போகவில்லை. மாடிக் கடை எடுக்க நினைப்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான்.

மூன்று தட்டு

அடுத்து மெட்ரோ ரயில். சென்னையில் முதன்முதலில் 2015 ஜூன் 29-ஆம் தேதி கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை திறந்தார்கள். கோயம்பேடு, புறநகர் பஸ் நிலையம், அரும்பாக்கம், வடபழனி, அசோக் நகர், ஈக்காட்டுத்தாங்கல், ஆலந்தூர் என்ற 7 நிலையங்களும் தூண்மேல் நிற்பவையே. கோயம்பேட்டுக்கு அடுத்த திருமங்கலத்துக்குப் போகும்போதுதான் வண்டி சுரங்கத்துக்குள் இறங்குகிறது. அந்தச் சுரங்கப் பகுதி 2017-ல் திறந்தது.

இந்த மேல் நிலையங்களின் அமைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மூன்று தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீழ்த்தட்டு, ரோடு. நடு ரோட்டில் தூண்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் படிக்கட்டு, நகரும் படிக்கட்டு, லிப்ட் ஆகியவை இறங்குகின்றன.

நடுத்தட்டு, சீட்டு மாடி. டிக்கெட் கவுண்டர், பைகளைச் சோதிக்கும் இடம், சீட்டைக் காட்டினால் திறக்கும் தானியங்கிக் கதவுகள் எல்லாம் இங்கே. அந்தக் கதவுகள் மாடியை இரண்டாகப் பிரிக்கின்றன. கதவுக்கு வெளிப்பக்கம் யாரும் வந்து போகலாம். உள்பக்கம் சீட்டு எடுத்தவருக்கு மட்டும்.

மேல்தட்டு, நடைமேடை. நடுவில் இரண்டு தண்டவாளம். போக ஒரு மேடை, வர ஒரு மேடை, இரு ஓரங்களிலும். ஆலந்தூரில் மட்டும் இரண்டு தடங்கள் சந்திப்பதால், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கில் ரயில் ஓடுகிறது.

நம் பழைய ரயில் நிலையங்களோடு ஒப்பிட்டால் இதில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. தரையில் இருக்கும் நிலையத்தில் ஜனங்கள் எந்தப் பக்கமும் வெளியேறுவார்கள். தண்டவாளத்தைத் தாண்டிக்கூடப் போய்விடுகிறார்கள். மேல் நிலையத்தில் அது நடக்காது. எந்த மேடையில் இறங்கினாலும், எல்லாரும் அந்த ஒரே சீட்டு மாடிக்கு வந்து, அந்த ஒரே கதவு வரிசை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். வெளியே வந்த பிறகு இரண்டு பக்கமாக, நான்கு படிக்கட்டாகப் பிரிந்துவிடுவார்கள். ஆகவே ஒரு நிலையத்தில் எல்லாருடைய காலும் படும் இடம் ஒன்றே ஒன்றுதான்: வெளியேறும் கதவுக்கு நேர் எதிரே உள்ள சில அடி. அதைத் தாண்டினால் கூட்டம் பாதியாகும், பிறகு கால்வாசியாகும். ஒரே மாடியில் இருக்கிற இரண்டு கடைக்கு ஒரே வாடகை கேட்டால், இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏறுபவர் வேறு, இறங்குபவர் வேறு

காலையில் படியேறுபவர் கையில் கடிகாரம் இருக்கிறது. மாலையில் படியிறங்குபவர் கையில் பை இருக்கிறது. ஏறும்போது வண்டி போய்விடுமோ என்ற கவலை. அப்போது அவர் வாங்குவது தண்ணீர்ப் பாட்டில், டீ, பத்திரிகை, பிஸ்கட் பொட்டலம். ஒரு நிமிஷத்தில் முடியும் வியாபாரம். இறங்கும்போதுதான் வீட்டு ஞாபகம் வருகிறது. பால், காய், பூ, பருப்பு, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் எல்லாம் அப்போதுதான்.

ஆகவே மளிகைக் கடைக்காரர் பார்க்க வேண்டியது காலைக் கூட்டத்தை அல்ல. மாலை 6 மணிக்குமேல் எந்தப் படிக்கட்டில் அதிகம் பேர் இறங்குகிறார்கள், இறங்கி இடதுபக்கம் திரும்புகிறார்களா வலதுபக்கமா, பஸ் நிறுத்தமும் ஷேர் ஆட்டோவும் இருசக்கர வண்டி நிறுத்துமிடமும் எந்தப் பக்கம் என்பதைப் பார்க்க வேண்டும். படிக்கட்டின் அடிக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் நடுவில் இருக்கிற கடைதான் மளிகைக் கடை. திருமயிலை, வடபழனி போன்ற இடங்களில் பூக்காரப் பெண்கள் கூடையை எங்கே இறக்குகிறார்கள் என்று கவனியுங்கள். எந்த இஞ்சினியரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஜனம் திரும்பும் மூலையைக் கண்ணாலேயே அளந்து வைத்திருக்கிறார்கள்.

எடையும் ஒரு விஷயம். மாடியில் கனமில்லாத சரக்கு போகும். 25 கிலோ அரிசிச் சிப்பத்தை மாடியில் வாங்கி யாரும் தூக்கிக்கொண்டு இறங்க மாட்டார். நம் சரக்கும் அப்படியே மேலே போக வேண்டும். லாரியிலிருந்து இறக்கக் கூலி ஒன்று, மாடிக்கு ஏற்றக் கூலி இன்னொன்று. லிப்ட் இருக்கிறதே என்று சொல்வார்கள். பயணிகள் லிப்டில் மூட்டை ஏற்ற விடமாட்டார்கள். சரக்குக்குத் தனி லிப்ட் இருக்கிறதா என்று கேட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மலைக் கடைக்காரருக்கு 70 வளைவு எப்படியோ, மாடிக் கடைக்காரருக்கு அந்த 40 படியும் அப்படி.

ஒரு மாதிரிக் கணக்கு

மாடியில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். வாடகை ரூ.12,000. ஒரு ஆள் சம்பளம் ரூ.12,000. கரண்டும் மற்ற சில்லறைச் செலவும் ரூ.3,000. ஆக மாதம் ரூ.27,000. மளிகையில் சரக்கில் நிற்பது நூற்றுக்கு 8 என்று வைத்தால், இந்தச் செலவை ஈடுகட்ட மட்டும் மாதம் ரூ.3,37,500-க்கு விற்க வேண்டும். நாளொன்றுக்கு ரூ.11,250. ஒருவர் சராசரி 100 ரூபாய்க்கு வாங்கினால், தினமும் 112 பேருக்குமேல் படியேறி வந்து வாங்க வேண்டும். இதில் நம் குடும்பச் செலவும் முன்பணத்துக்கு வட்டியும் சேரவில்லை. இனி மாலை 6 மணிக்குப் போய் அந்தக் கடை வாசலில் நின்று பாருங்கள். வாசலைக் கடந்து போகிறவர்களே 112 பேர் இல்லை என்றால் அந்த ஏலத்தில் கை தூக்காமல் இருப்பதே லாபம்.

என் தங்கை மகன் ஓர் ஊரில் புது வளாகத்தின் முதல் மாடியில் கடை எடுத்தான். "மாமா, கீழே இருக்கிற கடைக்கு வாடகை இரண்டு மடங்கு. மேலே பாதிதான்" என்றான். "மாப்பிள்ளை, பாதி வாடகை சரி. பாதி ஜனமாவது மேலே வருதா பார்த்தியா?" என்று கேட்டேன். திறந்த வாரம் வந்த சொந்தக்காரர்களைத் தவிர மாடிக்கு யாரும் வரவில்லை. வளாகத்தின் படிக்கட்டைப் பின்பக்கம் வைத்திருந்தார்கள். பஸ் நிற்பது முன்பக்கம். பதினோரு மாதத்தில் சரக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினான். முன்பணத்தில் ஒரு பகுதியைப் பராமரிப்புக் கணக்கில் கழித்துத்தான் கொடுத்தார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்தது.

கூட்டத்தை ஒரு உத்தரவு நகர்த்திவிடும்

கோயம்பேடு நம்மில் பலருக்குப் பழக்கமான இடம். கொத்தவால் சாவடியிலிருந்து மொத்த மார்க்கெட்டை 1996-ல் அங்கே கொண்டுவந்தார்கள். இன்று மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள். 2002-ல் புறநகர் பஸ் நிலையம் வந்தது. 2015-ல் பஸ் நிலையத்தின் ஓரத்திலேயே மெட்ரோ வந்தது. பஸ்ஸில் இறங்கியவர் படியேறினால் ரயில். ரயிலில் இறங்கியவர் படியிறங்கினால் பஸ். அங்கே கடை வைத்தவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஆனால் 2023 டிசம்பர் 30-ல் வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கத்தில் புதுப் பஸ் நிலையம் திறந்தது. அதைத் தொடர்ந்து தென்மாவட்டப் பஸ்கள் அங்கே மாற்றப்பட்டன. சேலம், நாமக்கல் பக்கத்து ஜனங்களும் இப்போது கிளாம்பாக்கத்தில்தான் இறங்குகிறார்கள். கோயம்பேட்டில் வேறு ஊர்ப் பஸ்கள் நிற்கின்றன, ரயிலும் ஓடுகிறது. நிலையம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தென்பக்கத்துப் பயணியை மட்டும் நம்பிய கடைக்காரருக்கு வாடிக்கை முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஒரே படிக்கட்டை நம்பிக் கடை வைப்பவர், அந்தப் படிக்கட்டுக்கு ஜனத்தை அனுப்புவது எது என்பதையும் விசாரிக்க வேண்டும். பஸ் நிலையமா, கல்லூரியா, ஆஸ்பத்திரியா, குடியிருப்பா? குடியிருப்பு இடம் மாறாது. பஸ் நிலையம் மாறும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மெட்ரோ வண்டி ஓடுவது ஏறக்குறைய விடியற்காலை 5 மணியிலிருந்து இரவு 11 மணி வரை. மொத்த மார்க்கெட்டில் லாரி இறங்குவதும் விலை தீர்வதும் பெரும்பாலும் அதற்கு முந்திய இருட்டு நேரத்தில். தூண்மேல் ரயில் வந்ததால் மொத்த வியாபாரம் பெருகிவிடும் என்று யாராவது சொன்னால், மணி என்ன என்று கேளுங்கள். அந்த ரயில் ஆளைக் கொண்டுவரும்; மூட்டையைக் கொண்டுவராது.

வெளிநாட்டில் செய்தது என்ன?

மாடி என்றாலே வியாபாரம் ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் ஒசாகா நகரத்து உமேதா ரயில் நிலையத்தில் ஹன்க்யூ ரயில் கம்பெனி 1929-லேயே பெரிய பல்பொருள் அங்காடியைத் திறந்தது. ரயிலும் அவர்களுடையது, கடையும் அவர்களுடையது. வீட்டுக்குத் திரும்பும் ஜனம் கடையைப் பார்க்காமல் போகமுடியாத இடத்தில் அதை வைத்தார்கள். பாங்காக் நகரில் 1999-ல் தொடங்கிய வான் ரயிலில், சீட்டு மாடியிலிருந்து நேராக நடைபாலம் போட்டு, அக்கம்பக்கக் கடை வளாகங்களின் மாடியோடு இணைத்திருக்கிறார்கள். பயணி ரோட்டுக்கு இறங்குவதே இல்லை, மாடியே தெருவாகிவிடுகிறது. அங்கே முதல் மாடிக் கடைக்கு அதனால்தான் மதிப்பு.

நம் ஊரிலும் ஓர் உதாரணம் உண்டு. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பஸ் நிலையம் வரை சுமார் 570 மீட்டர் நீள ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. நெரிசலில் சிக்கிய ஜனத்துக்கு அது பெரிய உதவி. ஆனால் வியாபாரி வேறு ஒன்றும் கேட்பார். மேலே நடப்பவர் எந்த இடத்தில் இறங்க முடிகிறது? இறங்கும் வாய் எங்கெங்கே இருக்கிறதோ அங்கே கடைக்கு ஜனம் உண்டு. இரண்டு வாய்க்கு நடுவில் இருப்பவர் தலைக்குமேல் ஜனம் நடந்து போய்விடும்.

தூண் வருவதற்கு முன்னால்

சென்னையில் மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று தடங்களில் 118 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலை, பூந்தமல்லி சாலை போன்ற இடங்களில் அது தூண்மேல்தான் போகிறது; ஆற்காடு சாலையில் ஒரு பகுதியில் ஒரே தூணில் இரண்டு அடுக்காக இரண்டு தடங்கள். இம்மாதிரி வேலை நடக்கும் சாலையில் கடைக்கு முன் தகரத் தடுப்பு வருஷக்கணக்கில் நிற்கும். வண்டி நிறுத்த இடமிருக்காது. பழைய வாடிக்கை வேறு கடைக்குப் பழகிவிடும். வேலை முடிந்து தடுப்பை எடுக்கும்போது, படிக்கட்டு நம் வாசலை மறைத்து நின்றாலும் நிற்கலாம். நம் வாசலுக்கே ஜனத்தை இறக்கினாலும் இறக்கலாம். வரைபடத்தில் அரை அங்குலம் எங்கே விழுகிறது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் பிழைப்பு இருக்கிறது.

ஆகவே இது தனிமனிதர் வேலை அல்ல, சங்கத்தின் வேலை. நம் பக்கம் பாலமோ, பஸ் நிலையமோ, வளாகமோ எது வந்தாலும், கான்கிரீட் போட்ட பிறகு மனு கொடுப்பதில் பயனில்லை. வரைபட நிலையிலேயே சங்கம் போய்ப் பார்த்து நான்கு விஷயம் கேட்க வேண்டும். படிக்கட்டு எங்கே இறங்குகிறது? பஸ் எங்கே நிற்கிறது? சரக்கு வண்டி எந்த நேரத்தில், எந்த வழியாக வரலாம்? மாடிக்குச் சரக்கு லிப்ட் உண்டா?

தனிப்பட்ட வியாபாரி செய்ய வேண்டியதும் உண்டு. வாடகைக்காரர் ஒப்பந்தம், வாடகை ரசீது, தொழில் உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு நான்கிலும் ஒரே கடை முகவரி இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இடம் எடுக்க அதிகாரிகள் வரும்போது, வருஷக்கணக்காக இங்கே தொழில் செய்தோம் என்று காட்ட வாய்ச் சொல் உதவாது. ஏலம் கேட்பவர், முன்பணம் எப்போது, எவ்வளவு பிடித்தம் போக திரும்பும் என்ற வரியைத் தமிழில் படித்துக்காட்டச் சொல்லிப் பிறகு கையெழுத்துப் போட வேண்டும். மூன்று நாள், வாரநாள் இரண்டும் ஞாயிறு ஒன்றுமாக, மாலையில் அந்த இடத்தில் போய் நின்று ஜனத்தை எண்ண வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு டீயும் ஒரு பஸ் டிக்கெட்டும்.

கட்டிடம் எவ்வளவு உயரம், தரை எவ்வளவு பளபளப்பு என்பதில் நமக்கு வேலையில்லை. படிக்கட்டின் கடைசிப் படியில் கால் வைத்த மனிதர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.